சிக்குபுக்கு என்று எஞ்சினில் எது சொல்கிறது?

அக்கா மகனுக்கு ஏழு வயது. சோபாவைச் சுற்றிச் சுற்றி ரயில் விடுவான், வாயால் 'சிக்குபுக்கு சிக்குபுக்கு', நடுநடுவே ஒரு 'கூ'. வேடிக்கை என்னவென்றால் அவன் இதுவரை ஏறிய ரயிலெல்லாம் மின்சார ரயில், ஒன்றுகூட அப்படிச் சத்தம் போட்டதில்லை. எனக்கும் அக்காவுக்கும்கூட அந்தச் சத்தத்தை நேரில் கேட்டதாக நினைவில்லை. எங்கள் வீட்டில் கேட்டவர் அம்மா மட்டும்தான், அவர் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குக் கரி வண்டியில் போன தலைமுறை. சத்தம் போய்விட்டது, சொல் மட்டும் வாயிலிருந்து வாய்க்கு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

போன மாதம் நானும் அம்மாவும் அவனுமாகச் சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறதே, அதன் ஃபர்னிஷிங் பிரிவு வளாகத்தில் 2002இல் திறந்தது. ஆறு ஏக்கர் சொச்சம் இடத்தில் மரங்களுக்கு நடுவே பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் நிற்கின்றன, ஊட்டி ரயில் உட்பட. பல எஞ்சின்களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனியின் பெயர். கறுப்பாக, குளிர்ந்துபோய் நின்ற ஒரு எஞ்சினை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையன் கேட்டான்: "மாமா, இதுல எந்த இடம் சிக்குபுக்குன்னு சொல்லும்?"

நான் கொஞ்சமும் யோசிக்காமல் சக்கரத்தைக் காட்டினேன். தப்பு. அம்மா உடனே சொன்னார், "சக்கரம் எங்க சொல்லும்? மேல அந்தக் குழாய்லதான் குப்பு குப்புனு வரும்." வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்த பிறகுதான், அவன் கேட்ட அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் நீராவி எஞ்சின் முழுவதும் புரிந்துவிடும் என்று தெரிந்தது.

முதலில் என் தப்பைச் சரிசெய்துகொள்கிறேன். சக்கரத்தின் சத்தம் 'தடக் தடக்'. அது பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது, மின்சார ரயிலிலும் வரும். அகல ரயில்பாதைத் தண்டவாளங்களை முன்பெல்லாம் 13 மீட்டர் துண்டுகளாகப் போட்டு, இரண்டு துண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். 13 மீட்டர் இரும்பு 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும், அதற்கு இடம் வேண்டுமே. அந்த இடைவெளியைச் சக்கரம் தாண்டும்போது வருவதுதான் தடக். (ஒரு சின்ன விளையாட்டு: ஒரே சக்கரம் 47 நொடியில் எத்தனை இணைப்பைத் தாண்டுகிறது என்று எண்ணினால் அந்த எண்தான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது. 13 மீட்டரைக் கிலோமீட்டர் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள், 46.8 வரும்.) இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாகப் போட்டுவிடுவதால் பெரிய பாதைகளில் தடக்கும் அநேகமாகப் போய்விட்டது.

சிக்குபுக்கு வேறு. அது எஞ்சினுக்கே உரியது, அதன் பிறப்பிடம் நீராவி புகுந்து தள்ளுகிற உருளையான சிலிண்டர், வெளியே வரும் வழி புகைபோக்கி.

எஞ்சினின் நீண்ட உருளையான உடம்புதான் பாய்லர் என்பது பார்த்தாலே தெரியும். டிரைவர் நிற்கும் பக்கம் கரி எரியும் ஃபயர்பாக்ஸ் (இதைத் தமிழில் தீப்பெட்டி என்று எழுதினால் வேறு பொருளாகிவிடும்). பாய்லருக்கு அடியில் அடுப்பு மூட்டி, பானையில் தண்ணீர் காய்வதுபோல இது நடப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பாய்லர் நிறையத் தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள்ளே முனைக்கு முனை ஏராளமான இரும்புக் குழாய்கள், அந்தக் குழாய்களுக்குள் நெருப்பின் சூடான காற்று ஓடும். சூடு தண்ணீரைத் தொடும் பரப்பு அதனால் பல மடங்கு கூடுகிறது. 1829இல் இங்கிலாந்தில் ரெயின்ஹில் என்ற இடத்தில் எஞ்சின்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள், அதில் ஜெயித்த ஸ்டீஃபன்சனின் ராக்கெட் எஞ்சினுக்குள் இப்படி 25 செம்புக் குழாய்கள் இருந்தன. அதற்கு முந்தைய எஞ்சின்களில் ஒன்றோ இரண்டோ பெரிய குழாய்தான்.

ஒரு லிட்டர் தண்ணீர் திறந்த வெளியில் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். பாய்லருக்குள் அந்த இடம் கிடைக்காததால் அழுத்தம் ஏறுகிறது. நம் வீட்டுக் குக்கரில் வெயிட் ஆடும்போது உள்ளே இருப்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம். மீட்டர் கேஜ் பாதைகளில் பயணிகள் ரயில் இழுத்த ஒய்பி வகை எஞ்சினில் அது 15 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, தண்ணீரின் கொதிநிலையே 200 டிகிரிக்குப் போய்விடும். இந்த ஒய்பியை 1949 முதல் 1970 வரை 800க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அதன் சிலிண்டர் விட்டம் 39 சென்டிமீட்டர்தான், பெரிய தாம்பாளம் அளவு. அந்தத் தாம்பாளத்தின்மேல் பாய்லரின் முழு அழுத்தமும் இறங்கினால் 17 டன்னுக்கு மேல் தள்ளும். நீராவி என்றால் இட்லிச் சட்டியிலிருந்து வருகிற மென்மையான சமாசாரம் என்ற நினைப்பு எனக்கு அங்கேதான் போனது.

இவ்வளவு அழுத்தம் உள்ள பாய்லருக்குள், ஓடிக்கொண்டிருக்கும்போதே, எப்படித் தண்ணீர் ஊற்றுவார்கள்? இது நம் பேச்சுக்குத் தேவையில்லைதான், ஆனாலும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. 1858இல் ஹென்றி ஜிஃபார்டு என்ற பிரெஞ்சுக்காரர் இன்ஜெக்டர் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். பாய்லரின் நீராவியையே எடுத்து, அதைக் கொண்டே அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுவது. கேட்டால் தன் தலைமுடியைத் தானே பிடித்துத் தூக்கிக்கொள்கிற கதைபோல இருக்கும். ஆனால் ஒரு குறுகலான துவாரம் வழியாக விட்டால் நீராவி அசுர வேகம் எடுக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் குளிர்ந்து தானும் தண்ணீராகிவிடும், வேகத்தை மட்டும் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். அந்த வேகமான தண்ணீர்த் தாரையை விரிந்துகொண்டே போகும் குழாயில் விட்டால் வேகம் குறையும், குறைந்த வேகம் அழுத்தமாக மாறும், அது பாய்லரின் வால்வைத் திறந்துகொண்டு போகிற அளவுக்கு இருக்கும். ஆவி தண்ணீராகும்போது விட்டுக்கொடுக்கிற ஆற்றல்தான் இதற்கெல்லாம் கூலி. நகரும் பாகம் எதுவும் இல்லாத பம்பு!

சரி, சிலிண்டருக்கு வருவோம். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் பீப்பாய் மாதிரித் தொங்குவது. டிரைவர் ரெகுலேட்டரைத் திறந்தால் நீராவி அங்கே வந்து, உள்ளே இருக்கும் பிஸ்டன் என்ற தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளும், பிறகு வால்வு இடம் மாறி அடுத்த பக்கத்திலிருந்து தள்ளும். மரம் அறுக்கும் இரண்டு பேர் ரம்பத்தை மாற்றி மாற்றி இழுப்பதுபோல, போகும்போதும் வேலை, வரும்போதும் வேலை. பிஸ்டனோடு சேர்ந்த தண்டு அந்தத் தள்ளலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய் அதைச் சுற்றவைக்கும். ஒவ்வொரு தள்ளலும் முடிகிற நேரத்தில் உள்ளே இருக்கிற நீராவிக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும். வெளியேறும் வழி திறந்ததும் அது 'புஃப்' என்று வெடித்து ஓடும், குக்கர் வெயிட்டைச் சட்டென்று தூக்கினால் வருகிற அதே சத்தம், பல மடங்காக. ஒரு சிலிண்டரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இரண்டு தள்ளல், இரண்டு புஃப். இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து நான்கு.

இரண்டு சிலிண்டரும் ஒரே நேரத்தில் விட்டால் நான்கு கேட்காது, இரண்டுதான் கேட்கும். அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரு எஞ்சினை இரண்டு பக்கமும் சுற்றி வந்து பாருங்கள்: ஒரு பக்கம் சக்கரத்தில் தண்டு மாட்டியிருக்கும் முளை கீழே இருந்தால், மறுபக்கம் அது முன்னாலோ பின்னாலோ, கால் சுற்றுத் தள்ளி இருக்கும். இது சத்தத்துக்காகச் செய்ததில்லை. கால் மிதி தையல் மெஷினில் தைத்தவர்களுக்குத் தெரியும், சில நேரம் மிதி ஓர் இடத்தில் சிக்கி என்ன மிதித்தாலும் நகராது, சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும். பிஸ்டன் கடைசி முனையில் நிற்கும்போது எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் சுற்றாது, தண்டு நேர்க்கோட்டில் இருக்கும். நூறு டன் எஞ்சினைக் கையால் தட்டிவிட யார் வருவது? அதனால் ஒரு பக்கம் சிக்கி நிற்கும்போது மறுபக்கம் நடுவில் முழுப் பலத்தோடு இருக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். அதன் விளைவாக நான்கு மூச்சும் சமமான இடைவெளியில் வருகின்றன. சிக்கு, புக்கு, சிக்கு, புக்கு. நான்கு முடிந்தால் சக்கரம் ஒரு சுற்று.

ஒய்பியின் பெரிய சக்கரம் 1.37 மீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர் போகும். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும்போது நொடிக்கு இரண்டரை புஃப், குழந்தை வாயால் சொல்லக்கூடிய வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் ஆனால் நொடிக்கு 15க்கு மேல், அது தனித்தனியாகக் கேட்காது, ஒரே உறுமலாகிவிடும். ஆக, நம் சிக்குபுக்கு ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற ரயிலின் சத்தம். பிளாட்ஃபாரத்தில் நின்று வழியனுப்பியவர்களின் காதுதான் இந்தச் சொல்லைப் பிடித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வேலை முடிந்த நீராவியைப் பேசாமல் சிலிண்டர் பக்கத்திலேயே வெளியே விட்டிருக்கலாம். ஏன் மெனக்கெட்டுப் புகைபோக்கி வரை குழாய் போட்டுக் கொண்டுபோக வேண்டும்? எஞ்சினின் முகத்தில் வட்டக் கதவு இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது புகைப்பெட்டி. பாய்லர் குழாய்கள் எல்லாம் இந்தப் பெட்டியில் வந்து முடிகின்றன. அதன் தரையில், சரியாகப் புகைபோக்கிக்கு நேர் கீழே, மேல்நோக்கி ஒரு குறுகிய வாய். சிலிண்டரிலிருந்து வரும் நீராவி அந்த வாய் வழியாகப் பீறிட்டுப் புகைபோக்கிக்குள் பாயும். வேகமாகப் போகிற லாரி ரோட்டோரத்துக் காகிதத்தையும் சருகையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும் இல்லையா, அதுபோல இந்தப் பீறல் புகைப்பெட்டியில் உள்ள புகையையும் காற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பெட்டியில் அழுத்தம் குறையும். அதை நிரப்பக் குழாய்கள் வழியாக ஃபயர்பாக்ஸின் சூடான காற்று ஓடி வரும். அதன் இடத்தை நிரப்ப அடியில் கம்பித் தட்டின் இடுக்கு வழியாக வெளிக்காற்று கரிக்குள் புகும். நெருப்பு கணகணவென்று எரியும்.

நம் அடுப்படியில் ஊதாங்குழல் வைத்துக் கீழேயிருந்து ஊதுவோம். இங்கே மேலேயிருந்து உறிஞ்சுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு புஃப்பும் நெருப்புக்கு ஒரு மூச்சு.

இதில் யாரும் கை வைக்காமலே நடக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மேடு வந்தால் எஞ்சினுக்கு நீராவி அதிகம் தேவை. அதிக நீராவி சிலிண்டருக்குப் போனால் வெளியேறும் பீறலும் பலமாகும், அதனால் உறிஞ்சல் கூடும், நெருப்பு இன்னும் வேகமாக எரியும், நீராவி அதிகம் உண்டாகும். சமதளத்தில் தேவை குறைந்தால் பீறல் மெலிந்து நெருப்பும் அடங்கும். மாடியேறும்போது நமக்கு மூச்சு வாங்குவதைப் போலத்தான். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, வெறும் குழாயின் திசை. (கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் மட்டும் வேர்த்து வடிய வேண்டும், அதில் சலுகை கிடையாது.) இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரரான ரிச்சர்டு டிரெவிதிக் 1804இல் வேல்ஸில் தன் எஞ்சினைத் தண்டவாளத்தில் ஓட்டியபோதே, நீராவி புகைபோக்கியில் போகும்போது நெருப்பு நன்றாக எரிவதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

ஆனால் நின்றுவிட்டால்? மூச்சும் நின்றுவிடும். அதற்காக ப்ளோயர் என்று தனியாக ஓர் ஏற்பாடு, பாய்லரிலிருந்து நேரடியாகக் கொஞ்சம் நீராவியைப் புகைபோக்கிக்குள் விடுவது. ஸ்டேஷனில் நிற்கும் எஞ்சினிடமிருந்து வரும் 'உஸ்ஸ்' பெரும்பாலும் இதுதான். சுரங்கப்பாதைக்குள் போகும்போது ப்ளோயரைத் திறக்காமல் ரெகுலேட்டரை மூடினால் உறிஞ்சல் நின்று, நெருப்பு ஃபயர்பாக்ஸ் கதவு வழியாக டிரைவர் மேலேயே பாயும். அதனால் இறந்தவர்கள் உண்டு.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அப்ப கண்ணுல கரி விழுமே, அது?" திருச்செந்தூர் போய்ச் சேருவதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணைக் கசக்காமல் இருந்ததில்லையாம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் தொலைந்தது. அதுவும் இந்த மூச்சின் வேலைதான். எஞ்சின் முக்கி இழுக்கும்போது உறிஞ்சல் அவ்வளவு பலமாக இருக்கும், பாதி எரிந்த சின்னக் கரித்துண்டுகளையே கம்பித் தட்டிலிருந்து தூக்கி, குழாய் வழியாக இழுத்து, புகைபோக்கியில் எறிந்துவிடும். புகைப்பெட்டிக்குள் கம்பிவலை வைத்துத் தடுப்பார்கள், ஆனாலும் பொடி தப்பிவிடும். அது காற்றில் பின்னால் வந்து நாலாவது பெட்டி ஜன்னலில் இருக்கும் ஆச்சி கண்ணில் விழும்.

புகைவண்டி என்ற நம் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடும் எஞ்சினின் தலைக்குமேல் வெள்ளையாகப் பொங்குவது புகை இல்லை, சிலிண்டரில் வேலையை முடித்துவிட்டு வந்த நீராவி குளிர்ந்து உண்டான நீர்த்துளி. கறுப்பாக வந்தால்தான் புகை, அது எரியாத கரி, அதாவது வீணாகும் காசு. நல்ல ஃபயர்மேன் கறுப்பு வராமல் பார்த்துக்கொள்வார். கணக்குப்படி நீராவி வண்டி என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும், ஆனால் கண்ணில் கரி விழுந்தவர்கள் வைத்த பெயரை மாற்ற நான் யார்.

சத்தம் டிரைவருக்கு ஒரு மீட்டர் மாதிரி. கிளம்பும்போது பிஸ்டன் தூரத்தின் முக்கால்வாசிக்கும் மேல் நீராவியை விட்டுக்கொண்டே இருப்பார்கள், மிச்ச அழுத்தம் அதிகம், அதனால் புஃப் பெரிதாக இருக்கும். வேகம் எடுத்ததும் லீவரை இழுத்து, தூரத்தில் கால்வாசியோ அதற்கும் குறைவாகவோ மட்டும் நீராவியை விட்டு வழியை மூடிவிடுவார், மீதித் தூரம் அது தானாக விரிந்து தள்ளும். அதே கரிக்கு அதிக வேலை. வெளியே வரும்போது பலமிழந்திருக்கும், சத்தமும் மெலிந்துவிடும். நான்கில் ஒன்று மட்டும் கனமாகவோ தாமதமாகவோ கேட்டால் வால்வு சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். நான்கும் திடீரென்று சரசரவென ஓடினால் சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றுகிறது, உடனே ரெகுலேட்டரைக் குறைத்துத் தண்டவாளத்தில் மணல் விட வேண்டும்.

ஊட்டி எஞ்சினுக்கு இந்த நான்கு என்ற கணக்கு ஒத்துவராது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, அதிகபட்சமாக 12 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறும் பாதை. வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும் என்பதால் நடுவில் பல் வைத்த தண்டவாளம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைத்த எக்ஸ் வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர், கீழே இரண்டு வழக்கமான சக்கரங்களுக்கு, மேலே இரண்டு பல்சக்கரங்களுக்கு. சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் ஓடும். ஏற்றத்தில், கீழ்ச் சிலிண்டரில் பாதி பலம் இழந்த நீராவியை வெளியே விடாமல் மேல்ச் சிலிண்டருக்கு அனுப்பி இன்னொரு முறை வேலை வாங்குவார்கள், அதன் பிறகுதான் அது புகைபோக்கிக்கு வரும். ஏற்றத்தில் நாம் கேட்பது மேல்ச் சிலிண்டர்களின் மூச்சு, அவையும் பல்சக்கரங்களை கியர் வழியாகச் சுழற்றுவதால் ஒரு சுற்றுக்கு நான்கு என்ற கணக்கு அங்கே நிற்காது. திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த வகையைச் சமீப காலத்தில் புதிதாகவே கட்டியது, ஆகவே இந்தச் சத்தத்தை இன்றும் டிக்கெட் எடுத்துக் கேட்கலாம்.

புகைபோக்கிக்குப் போகும் நீராவிதான் சிக்குபுக்கு என்பதற்குச் சந்தேகமில்லாத சாட்சி தென்னாப்பிரிக்காவில் இருந்தது. அங்கே கரூ என்ற வறண்ட நிலத்தில் தண்ணீருக்குப் பஞ்சம். நீராவியை ஊதித் தள்ளுவது அங்கே ஊதாரித்தனம். 1950களில் 90 எஞ்சின்கள் வாங்கினார்கள், பெரும்பாலானவற்றைக் கட்டியது நம் அருங்காட்சியகத்தில் பெயர் பார்த்த அதே கிளாஸ்கோ கம்பெனி. வேலை முடிந்த நீராவியைப் பின்னாலிருக்கும் தண்ணீர் வண்டிக்கு அனுப்பி, குளிரவைத்து, திரும்பத் தண்ணீராக்கிப் பாய்லருக்கே விட்டார்கள். புகைபோக்கியில் பீறல் இல்லாததால் நெருப்பை உறிஞ்ச விசிறி வைக்க வேண்டியதாயிற்று, அந்த விசிறியைச் சுழற்றவும் போகிற வழியில் அதே நீராவி. ரயில் ஓடும், கரி எரியும், ஆனால் சிக்குபுக்கு வராது. ஜெட் விமானம் மாதிரி ஓர் ஊளைதான் கேட்குமாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன சொல்லி விளையாடியிருப்பார்கள்!

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும், கரியில் உள்ள ஆற்றலில் வண்டியை இழுக்கப் பயன்பட்டது நூற்றுக்கு ஆறு, ஏழு பங்குதான். மீதியில் பெரும்பகுதி அந்த வெள்ளை மேகத்தோடு வானத்துக்குப் போயிற்று. டீசலும் மின்சாரமும் வந்ததும் நிற்க முடியவில்லை. மேற்கு வங்கத்திலுள்ள சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் ஆலை 1972இல் கடைசி நீராவி எஞ்சினைக் கட்டி முடித்தது.

பையன் இப்போதும் சோபாவைச் சுற்றித்தான் ஓட்டுகிறான். முதல் நாலு மட்டும் மெதுவாக, கன்னம் உப்ப, பெரிதாக. அப்புறம் குரலை இறக்கி வேகமாக. சோபா மேல் ஏறும்போது மறுபடி கத்தல். ஆச்சி கட்டிலருகே வந்தால் ஸ்டேஷன். அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றான், 'என்ன, எஞ்சின் ஆஃபா?' என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பல்லைக் கடித்து 'உஸ்ஸ்ஸ்' என்றான்.